கோல்ட் ரூம் அலாரத்துக்கு ஃபோன் பண்ணி பேசுற சிஸ்டம்: ஆஸ்டரிஸ்க் பத்தி என் ரிவ்யூ

ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரீசர் நின்னு போச்சுன்னா யாராவது ஒருத்தர் எந்திரிக்கணும். மெசேஜ் போச்சா, மெயில் போச்சா, கம்ப்யூட்டர்ல பதிவாச்சாங்கறதெல்லாம் அப்புறம். ஒரு மனுஷன் கண்ணு முழிச்சு "சரி, நான் பாக்குறேன்"னு சொன்னாத்தான் அலாரம் வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஓவர்போர்ட் பக்கம் நாங்க இருக்கற மளிகை, மீன், ஃப்ரோசன் சாமான் மொத்தக் கடைக்கு ஆஸ்டரிஸ்க்ங்கற இலவச சாஃப்ட்வேரை வச்சு தானா ஃபோன் பண்ணி, குரல்ல பேசி, பதில் வாங்குற அலாரம் ஒண்ணு செட் பண்ணி ஓடிட்டு இருக்கு, இங்க கடை, கிளினிக், கோயில் மண்டபம்னு வச்சிருக்கற நம்ம ஆளுங்க சில பேர் இத பத்தி கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன்.

எங்ககிட்ட ரெண்டு ஃப்ரீசர் ரூம், ஒரு சில்லர். ஃப்ரீசர்ல மைனஸ் 18-ல ஆட்டுக்கறி, இறால், வஞ்சிரம், பரோட்டா பாக்கெட், துருவின தேங்காய். சில்லர்ல தயிர், பனீர், மாவு, கறிவேப்பிலை. ஜனவரி பிப்ரவரில டர்பன் புழுக்கம் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. லோட்ஷெட்டிங், அதாவது மின்சாரம் பத்தாம ஏரியா ஏரியாவா முறை வச்சு கரண்ட நிறுத்தறது, கூட பெரிய பிரச்சினை இல்லன்னுதான் சொல்வேன், 2023-ல ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, நாளுக்குப் பல தடவை கரண்ட் போச்சு, ஆனா எப்போ போகும்னு ஃபோன் ஆப்லயே தெரியும், ஜெனரேட்டர்ல டீசல் ஊத்தி வச்சிருப்போம். 2024 மார்ச் கடைசிக்கு மேல பத்து மாசம் அந்தத் தொல்லையே இல்லாம இருந்து 2025 ஜனவரி கடைசியில திரும்ப எட்டிப் பாத்துச்சு. நம்மள கவுக்கறது சொல்லாம வர்றதுதான். கேபிள் திருட்டு, ட்ரான்ஸ்ஃபார்மர் போறது, எல்லாத்தையும் விட மோசமா மூணு ஃபேஸ்ல ஒண்ணு மட்டும் போறது. ஒரு ஃபேஸ் போனா கம்ப்ரசரக் காப்பாத்த ஃபேஸ் ரிலே அத ட்ரிப் பண்ணிடும், அது சரியான வேலை, ஆனா லைட் எரியும், பில்லிங் கம்ப்யூட்டர் ஓடும், மெயின் சப்ளை மொத்தமா போகாததால ஜெனரேட்டரும் கிளம்பாம நிக்கும், வெளியில இருந்து பாத்தா கடை நல்லாத்தான் இருக்கும், உள்ள ஃப்ரீசர் மட்டும் சத்தமில்லாம நின்னு கிடக்கும்.

இதுக்கு முன்னாடி ஒரு கண்காணிப்பு கம்பெனிக்கு மாசாமாசம் பணம் கட்டிட்டு இருந்தோம், பேர் வேண்டாம். டெம்பரேச்சர் ஏறுனா கன்ட்ரோல் ரூம்ல இருந்து கூப்பிடுவாங்கன்னு பேச்சு. ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி கூப்பிட்டும் இருக்காங்க, ஆஃபீஸ் லேண்ட்லைனுக்கு. பூட்டின ஆஃபீஸ்ல யார் எடுப்பா? அவங்க ரெக்கார்டுல "அழைக்கப்பட்டது"ன்னு இருந்துச்சு, எங்க ஃப்ரீசர்ல இறால் எல்லாம் தண்ணியா இருந்துச்சு. எங்க முதலாளி அண்ணாச்சி அன்னிக்கு ஒரு வார்த்தை சத்தமா பேசல, பக்கி (இங்க பிக்கப் வண்டிய அப்படித்தான் சொல்வோம்) நிறைய சாமான ஏத்திக் குப்பையில கொட்டிட்டு வந்து "தம்பி, எடுக்கற வரைக்கும் அடிக்கற ஃபோன் வேணும்"னு மட்டும் சொன்னாரு. நான் இந்த சிஸ்டத்த எடை போடுறது அந்த ஒரு வரிய வச்சுத்தான்.

வாட்ஸ்அப் பத்தாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பத்தாது. தூங்குற மனுஷன் காதுல ஒரு சின்ன டிங் சத்தம் விழாது, முக்காவாசிப் பேர் ராத்திரி ஃபோன சைலன்ட்ல வேற வச்சிடறாங்க. ஃபோன் கால் அப்படி இல்ல, 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருந்தாலும் அதே நம்பர்ல இருந்து திரும்ப அடிச்சா உள்ள விடற வசதி ரெண்டு வகை ஃபோன்லயும் இருக்கு, ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள, ஐஃபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை வந்தா மணி அடிக்கும், செட்டிங்ஸ்ல அது ஆன்ல இருக்கான்னு பாத்துக்கணும். அதனாலதான் ஒரு கால் அடிச்சு எடுக்கலன்னா ஒரு நிமிஷம் கழிச்சு அதே ஆளுக்கு இன்னொரு தடவை அடிக்கற மாதிரி வச்சிருக்கேன். இன்னொரு விஷயம், அலாரம் கூப்பிடற நம்பர எல்லாரும் கான்டாக்ட்ல சேவ் பண்ணி தனி ரிங்டோன் வைக்கணும், இல்லாட்டி தெரியாத நம்பர்னு இன்சூரன்ஸ் விக்கறவன்னு நெனச்சு கட் பண்ணிடுவாங்க. இங்க அந்தத் தொல்லை எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ ஆஸ்டரிஸ்க்குக்கு வர்றேன். 1999-ல மார்க் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்கப் பையன், தன்னோட சின்ன கம்பெனிக்கு ஃபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு பத்தாம தானே எழுதினது. இன்னிக்கு அதை சங்கோமா கம்பெனி பாத்துக்குது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. பெரிய கால் சென்டர் எல்லாம் இதுல ஓடுது, ஆனா ராஸ்பெர்ரி பைங்கற கையளவு கம்ப்யூட்டர் போர்டுல போட்டு ராத்திரி ஒரு கால் அடிக்க வைக்கறதுக்கும் அதே சாஃப்ட்வேர்தான். எங்க கடையில பில்லிங் ரூம் மூலையில ஒரு பை 4, பக்கத்துல ரவுட்டர், ஃபைபர் பாக்ஸ், மூணுக்கும் சேத்து ஒரு சின்ன லித்தியம் யூபிஎஸ். இன்டர்நெட் வழியா ஃபோன் பண்ண லோக்கல் கம்பெனி ஒண்ணுகிட்ட ப்ரீபெய்ட் சிப் (SIP, இன்டர்நெட் கால் முறை) அக்கவுண்ட், 031-ல ஆரம்பிக்கற ஒரு நம்பர்.

இன்ஸ்டால் பண்றது சுலபம்னு பொய் சொல்ல மாட்டேன். டெபியன் 12-ங்கற லினக்ஸ்ல ஆஸ்டரிஸ்க் ரெடிமேடா பேக்கேஜா வராது, சோர்ஸ் கோட இறக்கி நாமதான் கம்பைல் பண்ணணும், பை 4-ல அது ஓடி முடிக்கறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சு டிஃபனும் சாப்ட்ரலாம். 20 இல்ல 22 எடுங்க, அது ரெண்டும் ரொம்ப நாளைக்கு சப்போர்ட் இருக்கற வெர்ஷன். நெட்ல கிடைக்கற பழைய பாடங்கள நம்பாதீங்க, அதுல பாதி சிப் கால்களப் பாத்துக்கற பழைய சான்_சிப் மாட்யூலுக்கு எழுதினது, 21-ஆவது வெர்ஷன்ல அதத் தூக்கிட்டாங்க, இப்போ பிஜேசிப் மட்டும்தான், கான்ஃபிக் எழுதுற விதமே வேற. டெக்ஸ்ட் ஃபைலப் பாத்தாலே கை நடுங்குறவங்களுக்கு ஃப்ரீபிபிஎக்ஸ்னு வெப் பேஜ் வச்ச ஒண்ணு இருக்கு, ஆனா அது ஆஃபீஸ் எக்ஸ்டென்ஷன், ட்ரான்ஸ்ஃபர்னு முழு எக்ஸ்சேஞ்சுக்கானது, வெறும் அலாரம் கால் அடிக்க அவ்வளவு பெருசா தேவையில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கால் ஃபைல்தான். ஒரு நாலஞ்சு வரி டெக்ஸ்ட் ஃபைல், யாருக்கு அடிக்கணும், எத்தனை தடவை முயற்சி, நடுவுல எவ்வளவு நேரம் விடணும், எத்தனை செகண்ட் மணி அடிக்கணும், எடுத்தா எந்த டயல்பிளானுக்கு (கால்ல என்னென்ன பண்ணணும்னு நாம எழுதி வச்ச வரிசை) போகணும், அவ்வளவுதான் அதுல இருக்கும். அத அவுட்கோயிங் ஃபோல்டர்ல போட்டா அடுத்த நொடி கால் போயிடும். ஷெல் ஸ்கிரிப்ட், பைத்தான், எதுல இருந்து வேணாலும் பண்ணலாம். ஆனா அந்த ஃபோல்டர்லயே உக்காந்து ஃபைல எழுதக் கூடாது, பாதி எழுதும்போதே ஆஸ்டரிஸ்க் எடுத்துப் படிச்சிடும், வேற ஃபோல்டர்ல முழுசா எழுதி அப்புறம் மூவ் பண்ணணும், அதுவும் அதே டிஸ்க் பார்ட்டிஷனுக்குள்ள, இல்லாட்டி மூவ் கூட காப்பியாத்தான் நடக்கும். நீங்க ஒண்ணும் சொல்லலன்னா மணி அடிக்கற நேரம் 45 செகண்ட், ரீட்ரை இடைவெளி 300 செகண்ட், ரீட்ரை எண்ணிக்கை பூஜ்யம். அலாரத்துக்கு இது எதுவுமே சரிவராது. நான் மணி 22 செகண்டுக்கும் இடைவெளி 60 செகண்டுக்கும் வச்சிருக்கேன். 22 ஏன்னா எங்க ஆளுங்க ஃபோன்கள்ல அதுக்கு மேல அடிச்சா வாய்ஸ்மெயில் எடுத்துடுது.

வாய்ஸ்மெயில் விஷயத்த நிதானமா படிங்க, ஏன்னா இந்த மாதிரி சிஸ்டம் வச்சும் ஏமாந்து போறவங்க பெரும்பாலும் இங்கதான் ஏமாறறாங்க. ஆஸ்டரிஸ்க் பார்வையில கால் "எடுக்கப்பட்டது"ன்னா வேலை முடிஞ்சுது. எடுத்தது மனுஷனா மெஷினா அதுக்குத் தெரியாது. வாய்ஸ்மெயில் எடுத்தாலும் வெற்றின்னு கால் ஃபைல அழிச்சிடும், ரீட்ரை நடக்காது, உங்க அழகான அலாரம் மெசேஜ் முழுசும் வாய்ஸ்மெயில்ல போய் உக்காந்துக்கும், காலையில ஒன்பது மணிக்கு நிதானமா கேட்டுக்கலாம். மெஷினக் கண்டுபிடிக்க ஏஎம்டின்னு ஒரு வசதி இருக்கு, எடுத்தவர் சின்னதா ஹலோ சொல்லிட்டு நிறுத்துறாரா, நீளமா பேசிட்டே போறாரான்னு அளந்து ஊகிக்கும், வரவேற்பு 1500 மில்லிசெகண்டுக்கு மேல நீண்டா மெஷின்னு முடிவு பண்றதுதான் அதோட டிஃபால்ட். தூக்கக் கலக்கத்துல "ஹலோ... யாரு... என்னங்க"ன்னு இழுக்கற மனுஷன அது மெஷின்னு சொல்லிடலாம். அலாரத்துக்கு ஊகம் வேண்டாம்.

அதுக்கு ஒரே மருந்து, எடுத்தவர் பட்டன் அழுத்தணும். எங்க சிஸ்டத்துல மெசேஜ் முடிஞ்சதும் "நான் போறேன்னா 1, என்னால முடியாதுன்னா 2"ன்னு சொல்லும். டயல்பிளான்ல ரீட்னு ஒரு கட்டளை, ஒரு இலக்கத்துக்குக் காத்திருக்கும், வரலன்னா மெசேஜத் திரும்பச் சொல்லும், மூணு தடவை. 1 வந்தா ஒரு சின்ன ஃபைல உருவாக்கி "இன்னார் ஏத்துக்கிட்டார்"னு குறிச்சு வைக்கும். டெம்பரேச்சரப் பாத்து கால் ஃபைல் போடற என் பைத்தான் ஸ்கிரிப்ட், கால் எடுக்கப்பட்டுதான்னே பாக்காது, அந்த ஃபைல் இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். இல்லையா, அதே ஆளுக்கு இன்னொரு தடவை, அப்பவும் இல்லையா, அடுத்த ஆளு. வாய்ஸ்மெயில் 1 அழுத்தாது. கண்ணு முழிக்காத மனுஷனும் அழுத்த மாட்டான். பட்டியல் முடிஞ்சா முதல்ல இருந்து திரும்ப. எடுக்கற வரைக்கும் அடிக்கற ஃபோன்னு அண்ணாச்சி கேட்டது இதுதான்.

1 அழுத்திட்டு திரும்பப் படுத்துட்டா? அதுக்கும் இருக்கு. ஏத்துக்கிட்டு அரை மணி நேரத்துக்குள்ள டெம்பரேச்சர் இறங்க ஆரம்பிக்கலன்னா சிஸ்டம் அவருக்குத் திரும்ப அடிக்கும், அடுத்தவருக்கும் சேத்து அடிக்கும். இதுக்காக முதல் வாரம் என்மேல எல்லாருக்கும் கோவம், இப்போ யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

பட்டன் சத்தம் சரியா போய்ச் சேரணும்னா கோடெக், அதாவது குரல டிஜிட்டலா மாத்தி அனுப்பற முறை, எதுன்னு பாத்துக்கணும். ஜி.711 ஏ-லா போடுங்க, இந்த நாட்டு ஃபோன் நெட்வொர்க்கே அதுலதான் ஓடுது. இன்டர்நெட் மிச்சம் பிடிக்கறேன்னு ஜி.729 போட்டு பட்டன் சத்தத்த குரலோடயே அனுப்பினா அமுக்கினதுல சத்தம் சிதைஞ்சு 1 அழுத்தினாலும் அந்தப் பக்கம் புரியாது. டிடிஎம்எஃப்ப, அதாவது பட்டன் சத்தத்த, குரலோட சேக்காம தனியா அனுப்பற ஆர்எஃப்சி 4733 முறைதான் பிஜேசிப்ல டிஃபால்ட், அத மாத்தாம விட்டுடுங்க, உங்க ஃபோன் கம்பெனியும் அதையே பண்றாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

குரல் பத்தி நிறைய சொல்லணும். டெக்ஸ்ட்டப் பேச்சாக்குற சாஃப்ட்வேர்ல தமிழ் இருக்கு, ஈஸ்பீக் இலவசம், பைலயே ஓடும், ஆனா அரைத் தூக்கத்துல அந்த உலோகக் குரல் என்ன சொல்லுதுன்னு பிடிபடாது. கிளவுட்ல நல்ல தமிழ்க் குரல் கிடைக்குது, ஆனா அலாரம் நேரத்துல நெட் இருக்கணும்னு இன்னொரு நிபந்தனைய ஏன் சேக்கணும். நான் மனுஷக் குரலையே பதிவு பண்ணேன். எங்க கணக்குப் பாக்கற அக்காவுக்கு மதுரைப் பக்கம், கணீர்னு பேசுவாங்க, தமிழ் மெசேஜ் அவங்க குரல். இங்கயே டர்பன் சாட்ஸ்வொர்த்துல பொறந்து வளர்ந்த மேனேஜர் வீட்டுல தாத்தா காலத்துத் தமிழ் கொஞ்சம் இருக்கு, அவசரத்துக்கு இங்கிலீஷ்தான் வரும், அவருக்கு இங்கிலீஷ். ராத்திரி வாட்ச்மேன் ஜூலு அண்ணன், அவருக்கு அவரே ஜூலுல பேசிக் கொடுத்தாரு. யார் நம்பருக்கு எந்த மொழின்னு பட்டியல்லயே இருக்கு.

பதிவு பண்ணது எல்லாம் 8000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ் ஃபைலா மாத்தணும், சாக்ஸ்னு ஒரு டூல் ஒரே வரில மாத்திடும். ஃபோன்ல பதிவு பண்ண பாட்டு குவாலிட்டி ஃபைல அப்படியே போட்டா ஆஸ்டரிஸ்க் படிக்காது. நம்பர்கள தமிழ்ல சொல்ல ஆஸ்டரிஸ்க்குக்கு வராது, அதனால அக்காவ பூஜ்யத்துல இருந்து முப்பது வரைக்கும் தனித்தனியா சொல்ல வச்சேன், "மைனஸ்" தனியா, "ஃப்ரீசர் ரெண்டு" தனியா, "டெம்பரேச்சர்" தனியா. ஸ்கிரிப்ட் அதையெல்லாம் வரிசையா கோத்துக் குடுக்கும், கேக்கும்போது "ஃப்ரீசர் ரெண்டு... டெம்பரேச்சர் மைனஸ்... ஒன்பது"ன்னு வரும். ஒவ்வொரு துண்டையும் ஒரே மாதிரி தட்டையா சொல்லணும், கடைசி வார்த்தைல குரல இறக்கினா நடுவுல கோக்கும்போது முடிஞ்சு போன மாதிரி கேக்கும். அப்புறம் கால் எடுத்ததும் ஒரு செகண்ட் சும்மா இருக்கணும், பாதை திறக்கறதுக்குள்ள பேச ஆரம்பிச்சா முதல் வார்த்தை முழுங்கிடும், முழுங்கற வார்த்தை எந்த ரூமுங்கறதா இருந்தா அவ்வளவுதான். வணக்கம், நன்றி, கம்பெனி பேர், பின்னணில மியூசிக், எதுவும் வேண்டாம். எந்த ரூம், எவ்வளவு, என்ன அழுத்தணும். பத்துப் பன்னிரண்டு செகண்டுக்குள்ள முடியணும்.

ஃபோன் எவ்வளவு நல்லா அடிச்சாலும் பொய் அலாரம் அடிச்சா ஒரு மாசத்துல யாரும் மதிக்க மாட்டாங்க. நாங்க போட்டிருக்கறது டிஎஸ்18பி20 சென்சார், விலை கம்மி, மைனஸ் 55 வரைக்கும் அளக்கும். அதோட குணம் ஒண்ணு தெரிஞ்சிருக்கணும், பவர் ஆன் ஆனதும் அளக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருக்கற மதிப்பு 85 டிகிரி. ஒயர் லூஸ் ஆகி பவர் ஒரு கணம் போய் வந்தா ஃப்ரீசர் 85 டிகிரின்னு சொல்லும், கறி வெந்துடற சூடு. ஸ்கிரிப்ட்ல சரியா 85 வந்தா அத டெம்பரேச்சரா எடுக்காம "சென்சார் கோளாறு"ன்னு எடுத்துக்கணும், அது தொடர்ந்தா அதுக்கு ஒரு தனி மெசேஜ், பகல்ல மட்டும் அடிக்கற மாதிரி. ஃப்ரீசர் ஒரு நாளைக்குச் சில தடவை டிஃப்ராஸ்ட் ஆகும், அப்போ காத்து சூடாகும், சாமான் ஆகாது. அதனால சென்சாரக் காத்துல தொங்கவிடாம க்ளைக்கால் கலந்த தண்ணி பாட்டில்ல முக்கி வச்சிருக்கோம், அது சாமான் மாதிரியே மெதுவா சூடாகும், கதவத் திறந்து மூடினா பதறாது. மைனஸ் 12-க்கு மேல 20 நிமிஷம் நின்னாத்தான் கால். கிளினிக், மருந்துக்கடைல தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு வைக்கறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும், அங்க 2-ல இருந்து 8 டிகிரி, மேல போனாலும் கால், கீழ போனாலும் கால், ரெண்டுக்கும் வேற வேற மெசேஜ்.

போன கோடையில இது எப்படி வேலை செஞ்சுதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நடுராத்திரி தாண்டி ஒரு ஃபேஸ் போச்சு. லைட் எல்லாம் எரியுது, வாட்ச்மேன் கேட்ல உக்காந்திருக்காரு, அவர் பார்வைக்கு எல்லாம் சரி. ரெண்டாவது ஃப்ரீசர் மட்டும் நின்னுடுச்சு. முதல் கால் அவருக்குத்தான், எடுத்து 1 அழுத்தி உள்ள போய் பாத்து ஃபேன் சத்தம் இல்லன்னு எனக்கு அடிச்சாரு, நான் அரைத் தூக்கத்துல பேனல் ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன், ரிலேல சிவப்பு லைட். லைன ஜெனரேட்டருக்குக் கைல மாத்திப் போடச் சொல்லி வழி சொன்னேன், நான் போய்ச் சேரறதுக்குள்ள கம்ப்ரசர் ஓடுது. சாமான் ஒண்ணும் போகல. அண்ணாச்சி அப்போ தூத்துக்குடில இருந்தாரு, பட்டியல்ல கடைசி நம்பர் அவரோட இந்தியா நம்பர், அதுவரைக்கும் போக வேண்டியே வரல. ஊருக்குப் போனாலும் தன் பேர எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, இங்க ரெண்டு மணின்னா அங்க அஞ்சரை, அவர் எந்திரிச்சு வாசல்ல நிக்கற நேரம்னு அவர் கணக்கு.

கரண்டே மொத்தமா போய் நெட்டும் போயிட்டா என்னன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் யூபிஎஸ் இருந்தாலும் தெருவுல ஃபைபர் கேபினட் செத்துட்டா சிப் கால் போகாது. அதுக்கு சிம் போட்ட பழைய ஹுவாவே 3ஜி டாங்கிள் ஒண்ணு, சான்_டாங்கிள்னு வெளியாள் எழுதின மாட்யூல் மூலமா ஆஸ்டரிஸ்க் அது வழியா கால் அடிக்கும். குரல் வசதி இருக்கற டாங்கிளா பாத்து வாங்கணும், எல்லாத்துலயும் வராது, 3ஜிய நிறுத்துற காலம் வந்தா வேற வழியும் பாக்கணும். டவர் பேட்டரியும் தீர்ந்து போச்சுன்னா அதுவும் கிடையாது, அதனால மூணாவதா கேப் டவுன்ல இருக்கற கிளவுட்ல ஒரு சின்ன சர்வர். கடையில இருக்கற பை அதுக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கும். அஞ்சு நிமிஷம் சத்தம் இல்லன்னா அந்த சர்வரே எங்களக் கூப்பிட்டு "கடையில இருந்து பேச்சில்ல"ன்னு சொல்லும். அலாரம் பெட்டி செத்துப் போனா யார் சொல்றதுங்கற கேள்விக்கு பதில் இல்லாத எந்த சிஸ்டத்தையும் வாங்காதீங்க, அது எவ்வளவு விலையா இருந்தாலும் சரி.

பாதுகாப்புல அலட்சியம் கூடவே கூடாது. சிப் போர்ட் 5060-ஐ ரவுட்டர்ல வெளிய திறந்து வச்சா ராத்திரி பகல் பாக்காம உலகம் பூரா இருந்து கதவத் தட்டுவாங்க, பாஸ்வேர்ட் சுமாரா இருந்தா உங்க கணக்குல இருந்து எங்கெங்கயோ வெளிநாட்டு நம்பருக்கு அடிச்சு காலி பண்ணிடுவாங்க. அலாரம் வெளிய மட்டும்தான் கூப்பிடுது, அதனால போர்ட் திறக்கவே தேவையில்ல. ஃபோன் கம்பெனிகிட்ட சொல்லி வெளிநாட்டுக் கால் எல்லாம் பிளாக், அண்ணாச்சிக்காக இந்தியாவோட 91 மட்டும் திறப்பு. ப்ரீபெய்டா வைக்கறது இதுக்காகவும்தான், ஆனா பேலன்ஸ் தீர்ந்தா அலாரம் ஊமை. அதுக்கு தினம் சாயங்காலம் கடை மூடறப்போ ஒரு டெஸ்ட் கால், அன்னிக்கு ராத்திரி டியூட்டி யாரோ அவருக்கு. அவர் 1 அழுத்தணும். வரலன்னா கடை மூடறதுக்குள்ள சரி பண்ணணும். இந்த ஒரு கால்லயே பேலன்ஸ், நெட், குரல், பட்டன், ஃபோன் சைலன்ட்ல இருக்கா எல்லாம் தெரிஞ்சுடும்.

செலவுன்னு பாத்தா போர்டு, சென்சார், யூபிஎஸ், டாங்கிள் எல்லாம் சேத்து அன்னிக்கு கொட்டின இறால் விலைல ஒரு துளி. கால் கட்டணம் நிமிஷத்துக்கு ஒரு ரேண்டுக்கும் கம்மி. கடையில விக்கற, சிம் போட்டு தானா கால் அடிக்கற ஜிஎஸ்எம் டயலர் பெட்டி இதவிட சல்லிசு, அஞ்சு நிமிஷத்துல மாட்டலாம், தனியா இருக்கற ஒரு ஃப்ரீசருக்கு அது போதும்னு சொல்வேன், ஆனா நான் பாத்த பெட்டில எல்லாம் எந்தக் கோளாறுக்கும் ஒரே மெசேஜ்தான், யார் ஏத்துக்கிட்டாங்கன்னு நினைவும் கிடையாது. கிளவுட் ஃபோன் சர்வீஸ் எடுத்தா ஆஸ்டரிஸ்க் படிக்கற கஷ்டம் மிச்சம், பில் டாலர்ல வரும், ரேண்ட் விழும்போதெல்லாம் ஏறும். லினக்ஸ் கொஞ்சமாவது தெரிஞ்ச ஒரு ஆள் உங்க கடையிலயோ குடும்பத்துலயோ இருந்தா யோசிக்காம ஆஸ்டரிஸ்க் போடுங்க. அப்படி ஆளே இல்லன்னா போடாதீங்க, ஏன்னா செட் பண்ணிக் குடுத்துட்டுப் போறவர ராத்திரி தேடிட்டு இருக்க முடியாது. என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை இன்ஸ்டால் பண்ற பாட்டுக்காகக் குறைச்சது.

பட்டியல ஒரு தடவை எழுதி அப்படியே விட்டுடாதீங்க, விசேஷ நாளுக்கு மாத்தணும். புனித வெள்ளிக்கு டர்பன் பக்கத்துல மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழால நம்ம ஆளுங்க பாதிப் பேர் அங்கதான் இருப்பாங்க, மேளச் சத்தத்துல பைக்குள்ள அடிக்கற ஃபோன் யாருக்குக் கேக்கும். தைப்பூசக் காவடிக்கும் அப்படித்தான், அதுவும் சரியான வெயில் மாசம். அந்த நாள்கள்ல கோயிலுக்குப் போகாத ஆள முதல் நம்பரா போட்டு, முந்தின நாள் சாயங்காலமே அவருக்கு டெஸ்ட் கால் அடிச்சு 1 அழுத்த வச்சுடறோம்.